பிரேத பரிசோதனை என்னுஞ் சொல்

ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் திடீர் மரணம் நேர்ந்த வீட்டாருள், 'விசாரணை' என்றவுடனே உடல் அறுக்கப்படுமென அஞ்சுவாருளர். மரண விசாரணை வேறு. பிரேத பரிசோதனை வேறு. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி முன்னையது விசாரணை அதிகாரியின் கடன். பின்னையது, அவர் வேண்டுமெனக் கருதிப் பணித்தவிடத்து வைத்தியர் செய்வது.

இனிச் சொல்லை நோக்குவாம். வடமொழியிற் பிரேதம் என்பது அப்பாற் சென்றது எனப் பொருள்படும். கிரியை நூலார் சபிண்டீகரணத்துக்கு முன்னுள்ள உயிரையே அதனாற் சுட்டுவர். உயிரை அறுத்துச் சோதிப்பார் யாருமிலர்! தமிழ் வழக்கிலோ அஃது உடலுக்காயிற்று.

தமிழகத்தார் வழங்கும் 'உடற்கூறாய்வு' இறப்பைச் சுட்டாது. யாழ்ப்பாணத்திற் கிறீன் வைத்தியர் 'அங்காதிபாதம்' என்ற உடற்கூற்றியலோடு மயங்கவுஞ் செய்யும். 'பிணக்கூறாய்வு' பொருட்குப் பொருந்தும்; ஆயினும், தந்தையை இழந்து நிற்பவன் முன்னே 'பிணம்' என எவ்வாறு கூறுவது? ஆதலின், பிழைபட்டதேனும் பழைய சொல்லையே யான் வேண்டுவேன்.