சான்றும் புனைவும்: வாச்சாத்தி வழக்கும் தமிழ்ப் புதினத்தின் நீதிக்குரலும்

முன்னுரை

நீதி கேட்டல் தமிழிலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் ஒரு வழக்கினை நடுவாகக் கொண்டு அமைந்தது. களவுக் குற்றம் சாற்றப்பட்ட ஒருவன் காவலர் கையில் உயிரிழக்கின்றான். அவன் மனைவி அரசவை புகுந்து சான்று காட்டி வழக்கினை வெல்கின்றாள். இக்காலத்தில் காவல்துறையின் வன்முறையையும் அதனை எதிர்த்த வழக்குகளையும் பொருளாகக் கொண்டு புதினங்களும் திரைப்படங்களும் தமிழில் தோன்றியுள்ளன. இவற்றைத் திறனாய்வார் இரு வகையாகப் பிரிந்து நிற்கின்றனர். இவை இயக்கத்தாரின் பரப்புரையே அன்றி இலக்கியம் ஆகா என்பார் ஒருசாரார். கேட்கப்படும் நீதி மெய்யானது; ஆதலின் இவற்றின் கலைக்குறைகளை ஆராய்தல் தகாது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கருத்தும் பொருந்தா என்பதும், இத்தகைய படைப்புகளை அளத்தற்குரிய அளவுகோல்களை வழக்குச் சான்றுகளோடு ஒப்பிட்டே பெறக்கூடும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். ஒப்பீட்டிற்குத் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி வழக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

வழக்கின் வரலாறு

வாச்சாத்தி, அரூர் வட்டாரத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர். அதன் மக்களிற் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். 1992ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள், சந்தனக்கட்டைக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி, வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர் அவ்வூருட் புகுந்தனர். மக்கள் ஆலமரத்தடியிற் கூட்டப்பட்டு அடிக்கப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன. பெண்கள் பதினெண்மர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். பின்னர்ப் பெண்டிரும் சிறுவரும் உட்பட ஊரார் பலர் சிறையிலடைக்கப்பட்டனர்.

இச்செய்தி தானாக வெளிவந்ததன்று. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியினரும் ஊருக்குச் சென்று மக்கள் கூறியவற்றைக் கேட்டு வெளியிட்டனர். அக்கட்சியின் மாநிலச் செயலாளராய் இருந்த அ. நல்லசிவன் வழக்குத் தொடுத்தார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல அலுவலராய் இருந்த பாமதி நேரிற் சென்று ஆராய்ந்து அறிக்கை அளித்தார். 1995இல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கினை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. குற்றஞ்சாற்றப்பெற்றோர் 269 பேர். அவருள் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தீர்ப்பளித்தது. இந்திய வனப்பணி அலுவலர் நால்வரும் அத்தொகையுள் அடங்குவர். பாலியல் வன்கொடுமைக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றோர் 17 பேர். அவருள் பன்னிருவர்க்குப் பத்தாண்டுச் சிறையும் ஐவர்க்கு ஏழாண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன.

மேல்முறையீட்டினை ஆராய்ந்த உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கு நேரிற் சென்று இடங்களைப் பார்வையிட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாளே, அஃதாவது முதல் தீர்ப்பிற்குச் சரியாகப் பன்னீராண்டுகளின் பின்னர், மேல்முறையீடுகளைத் தள்ளித் தண்டனைகளை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவர்க்கும் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அதிற் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து பெறவும், அந்நாளைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டார்.

மன்றத்தின் மொழி

ஈண்டு நோக்கத்தக்கது மன்றத்தின் மொழி. மன்றம் துயரத்தை முழுமையாகக் கேட்பதில்லை. அதனைக் கூறுகளாகப் பிரித்தே கேட்கும்: யார், எங்கே, எப்போது, எவ்வாறு அடையாளங் கண்டாய் என்பன அதன் வினாக்கள். வாச்சாத்திப் பெண்கள் இருபதாண்டுக்கால அளவில் அவ்வினாக்களுக்கு மீண்டும் மீண்டும் விடை கூறினர். ஒரே நிகழ்ச்சியை ஒரே வகையாகக் கூறுதலே மன்றத்தில் வாய்மைக்கு அடையாளம். கூற்றில் எழும் சிறு வேறுபாடும் குறுக்கு வினாவிற்கு இடந்தரும். நினைவோ அத்தன்மையது அன்று. அது மாறும், தடுமாறும், ஓரிடத்தில் நின்றுவிடும். நினைவின் இயல்பை அடக்கிக்கொண்டு சான்றின் இலக்கணத்திற்கு இயையப் பேசுதல் அப்பெண்கள் மேற்கொண்ட அரிய செயலாகும். எழுத்தறிவின் துணை பெரிதும் இல்லாதார் அதனைச் செய்தமை மேலும் போற்றற்குரியது.

சிலப்பதிகாரத்தோடு ஒப்பிட வேற்றுமை புலனாகும். கண்ணகியின் சான்று சிலம்பு. அதனை உடைத்த அளவிலேயே மாணிக்கம் வேறு, முத்து வேறு என்பது தெளிகின்றது. மன்னவன் தன்னையே குற்றவாளி எனத் தீர்த்து உயிர்விடுகின்றான். வழக்குத் தொடங்கி முடிதற்கு ஒருநாட் பொழுதும் ஆகவில்லை. வாச்சாத்தியின் சான்றோ பெண்டிர் உடலும் சொல்லுமே. அரசு தன்னைத் தானே தீர்த்துக்கொள்ளவில்லை. மறுத்தது, காலந் தாழ்த்தது. வழக்கு உயர்நீதிமன்ற அளவில் முடிதற்கு முப்பத்தோராண்டு ஆயிற்று. காப்பியம் அறத்தின் விரைவைக் காட்டிற்று. வாச்சாத்தி அறத்தின் தாழ்ச்சியையும் அதனைத் தாங்கிய மக்களின் உறுதியையும் காட்டுகின்றது.

இளங்கோவடிகள் காட்டும் மற்றொரு நுட்பமும் உண்டு. அரசன் ஆணை ஒரு நிபந்தனையோடு பிறக்கின்றது. அந்நிபந்தனை ஆராயப்படுமுன் கொலை நிகழ்கின்றது. கோவலனைக் கண்ட காவலருள் ஐயுற்றார் உளர். பொற்கொல்லன் களவு நூல் பேசி அவ்வையத்தைக் கலைக்கின்றான். இறுதியில் ஒருவன் வாள் வீசுகின்றான். ஆணையிட்டவன், தூண்டியவன், தயங்கியவர், வெட்டியவன் என்னும் நால்வகையாரையும் அடிகள் பிரித்துக் காட்டுகின்றார். காவல் வன்முறை ஒரு கையின் செயலன்று, ஓர் அமைப்பின் செயல் என்னும் உண்மை அக்காப்பியத்திலேயே உளது. 269 பேரையும் ஒருங்கே குற்றஞ்சாற்றிய வழக்கும், மேலலுவலர் பொறுப்பினைச் சுட்டிய 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அவ்வுண்மையைச் சட்டமொழியிற் கூறுகின்றன.

சோளகர் தொட்டி

மன்றத்தால் கூறவியலாதது ஒன்றுண்டு. குற்றம் நிகழ்ந்த நாளுக்கு முன்பு அம்மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதே அது. அதனைக் கூறும் பொறுப்பினை ஏற்ற படைப்பு ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ என்னும் புதினம். 2004இல் வெளிவந்த இப்புதினத்தின் ஆசிரியர் வழக்கறிஞர். மக்கள் சிவில் உரிமைக் கழகத்திற் பணியாற்றியவர். அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் கொல்லப்பட்டான். அவனைத் தேடிய இருமாநில அதிரடிப்படையால் மலைமக்கள் பட்ட துன்பத்தை ஆராயத் தேசிய மனித உரிமை ஆணையம் சதாசிவா குழுவினை அமைத்திருந்தது. 89 பேர்க்கு 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு ஆணையம் 2007இற் பரிந்துரைத்தது. புதினம் இவ்வாறு வழக்கும் அறிக்கையும் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே எழுந்தது.

புதினம் இரு பகுதியாக அமைந்துள்ளது. முற்பகுதி தொட்டியின் வாழ்வு. தொட்டி என்பது சோளகர் குடியிருப்பு. கேழ்வரகு விளைதலும், தேன் எடுத்தலும், தெய்வத்திற்கு விழா எடுத்தலும், பீனாச்சி ஒலிக்க ஆடுதலும் விரைவின்றிக் கூறப்படுகின்றன. அவ்வாழ்வு குறையற்ற பொன்னுலகாகக் காட்டப்படவில்லை. நிலம் பறிபோகின்றது, காட்டின் மீது மக்களுக்கு இருந்த உரிமை சிறிது சிறிதாகச் சுருங்குகின்றது. பிற்பகுதியில் அதிரடிப்படையின் முகாம் வருகின்றது. மாதியும் அவள் மகளும் அங்குப் படும் துன்பம் கற்போரை உறையச் செய்வது.

முற்பகுதியே இப்புதினத்தின் வெற்றி என்பது எம் கருத்து. மாதியை நாம் முதலிற் பெண்ணாகவும் தாயாகவும் உழைப்பாளியாகவும் அறிகின்றோம். துன்புறுபவளாகப் பின்னரே காண்கின்றோம். ஆதலின் அவள் காயங்களின் தொகுப்பாகச் சுருங்குவதில்லை. வன அலுவலரின் சிறுகெடுபிடி முதலிலேயே காட்டப்படுதலால், பின்னர் வரும் பெருங்கொடுமை திடீரென வானத்தினின்று வீழ்ந்ததாகத் தோன்றாது, நெடுநாள் நடைமுறையின் முதிர்ச்சியாகத் தோன்றுகின்றது. சித்திரவதைக் கூடத்தை ‘வொர்க்‌ஷாப்’ என வழங்கிய படையினரின் சொல்லை ஆசிரியர் மாற்றாது ஆளுகின்றார். மனித உடலைப் பழுதுபார்க்கும் பொறியாகக் கருதிய மனநிலையை அவ்வொரு சொல்லே உணர்த்திவிடுகின்றது, விளக்கவுரை வேண்டப்படவில்லை.

குறையும் கூறல் வேண்டும். பிற்பகுதியில் நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குவிகின்றன. ஒருவர்க்கு நேர்ந்தது முடியுமுன் மற்றொருவர்க்கு நேர்ந்தது தொடங்குகின்றது. ஈண்டுப் புதின ஆசிரியரை உண்மையறியும் குழுவின் உறுப்பினர் விஞ்சிவிடுகின்றார். எதனையும் விட்டுவிடலாகாது என்னும் கடமையுணர்ச்சி அறிக்கைக்குரிய பண்பு. தேர்ந்தெடுத்தல் கலைக்குரிய பண்பு. எனினும், இக்குறை பொறுப்பின்மையால் நேர்ந்ததன்று. தாம் கேட்ட வாக்குமூலங்களுள் எதனை விடுவது என்னும் அறச்சிக்கலில் நேர்ந்தது. இச்சிக்கலை அறியாமல் ‘நடை தொய்கின்றது’ என்று மட்டும் எழுதுவது மேலோட்டமான திறனாய்வாகும்.

ஒப்புமைப் படைப்புகள் இரண்டு

மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ 2006இல் வெளிவந்தது. கோவையைச் சேர்ந்த தானியங்கி ஓட்டுநரான இவர், 1983இல் ஆந்திர மாநிலத்துக் குண்டூரில் காவலில் வைக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்டவர். ஈண்டுச் சான்றும் புனைவும் ஒருவர் வாயிலேயே பிறக்கின்றன. துன்புற்றவரைத் தூயவராக உயர்த்திக் காட்டும் முயற்சி இந்நூலில் இல்லை; பசியும் அச்சமும் ஒருவர்மேல் ஒருவர் கொள்ளும் எரிச்சலும் மறைக்கப்படவில்லை. மொழி தெரியாத ஊரில், வீடற்ற உழைப்பாளிக்குக் குற்றமின்மை ஒரு காப்பு ஆகாது என்பதனை இது வெறும் நிகழ்ச்சிக் கூற்றாலேயே நிறுவுகின்றது. இதனைத் தழுவிய ‘விசாரணை’ (2015) என்னும் திரைப்படத்தின் முற்பாதி இந்நூலைச் சார்ந்தது. பிற்பாதி தனியே அமைக்கப்பட்டது.

‘ஜெய் பீம்’ (2021) என்னும் திரைப்படம், கடலூர்ப் பகுதியில் 1993இல் நிகழ்ந்த காவற்சாவு வழக்கினைத் தழுவியது. காவல் வன்முறையைப் பற்றிய உரையாடலை வீடுதோறும் கொண்டுசென்ற பெருமை அதற்குண்டு. ஆயினும் இரண்டு கூறுகள் ஆய்விற்குரியன. மெய்வழக்கில் பாதிக்கப்பட்டோர் குறவர், படத்திலோ இருளர். ஒரு சமூகத்தின் வழக்கினை மற்றொரு சமூகத்தின் மேல் ஏற்றுதல் கதைக்கு இயல்பாகலாம். ஆனால் தன் வழக்குத் தன் பெயரால் நினைக்கப்பட வேண்டும் என்னும் உரிமை அதனால் குறைகின்றது. மேலும், கதையின் ஒளி பெரிதும் வழக்கறிஞர் மேல் விழுகின்றது. மனைவியின் உறுதி காட்டப்படினும், வெற்றி மன்றத்தில் வாதிடுபவன் வெற்றியாகவே மனத்திற் பதிகின்றது. வாச்சாத்தி வரலாறு இதற்கு மாறானது. அங்கு வழக்கறிஞரும் சங்கத்தாரும் துணைநின்றனர். வழக்கினைத் தாங்கியவர் ஊராரே.

அளவுகோல்கள்

மேற்கூறியவற்றால் மூன்று அளவுகோல்கள் பெறப்படும். துன்புற்றார் துன்பத்திற்கு முன்னும் மனிதராகப் படைப்பிற் காணப்படுகின்றனரா என்பது முதலாவது. கொடுமை ஒரு தீயவனின் இயல்பாகக் காட்டப்படுகின்றதா, அன்றி ஆணை, தூண்டல், தயக்கம், செயல் என்னும் அமைப்பாகக் காட்டப்படுகின்றதா என்பது இரண்டாவது. துணைநின்றார் துன்புற்றாரை மறைக்கின்றனரா என்பது மூன்றாவது. ‘சோளகர் தொட்டி’ முதலாவதிலும் இரண்டாவதிலும் ஓங்கி நிற்கின்றது. ‘லாக்கப்’ மூன்றாவதில் ஒப்பற்றது. முன்வாழ்வு சுருக்கமாதலின் முதலாவதிற் சிறிது தாழ்கின்றது. ‘ஜெய் பீம்’ இரண்டாவதில் ஓரளவு வெல்கின்றது, மூன்றாவதில் தளர்கின்றது.

இவ்வளவுகோல்கள் கலைக்குரியனவும் ஆம், அறத்திற்குரியனவும் ஆம். பரப்புரை என்று ஒதுக்குவார் இவற்றைக் கருதுவதில்லை. ஆராய்தல் தகாது என்பாரும் கருதுவதில்லை. ஒதுக்குவார்க்கு ஒரு வினா: பாண்டியன் அவையில் நீதி கேட்டவளைக் காப்பியத் தலைவியாக ஏற்ற மரபு, மலைவாழ் பெண்டிர் நீதி கேட்ட பனுவலை இலக்கியத்திற்குப் புறம்பென எவ்வாறு தள்ளும்? ஆராயலாகாது என்பார்க்கும் ஒரு வினா: வாச்சாத்திப் பெண்கள் தம் சொல்லைக் குறுக்கு வினாவிற்கு உட்படுத்தி நிலைநாட்டினர், அவர் பொருட்டு எழுதுவோர் மட்டும் வினாவிற்கு அஞ்சுவது தகுமோ?

முடிவுரை

தீர்ப்பு குற்றத்தை நிறுவும். இழந்த வாழ்வினை நிறுவாது. புதினம் இழந்த வாழ்வினை எழுப்பிக் காட்டும், குற்றவாளியைத் தண்டிக்காது. ஒன்று மற்றொன்றின் பணியைச் செய்ய முனையுமிடத்தே குறை தோன்றுகின்றது என்பது ‘சோளகர் தொட்டி’யின் பிற்பகுதியால் விளங்கும். ஆகவே, இவ்வகைப் படைப்பினை ஆராயப் புகும் மாணவர் தொடர்புடைய தீர்ப்பினையும் ஆணைய அறிக்கையையும் பாடமாகவே எடுத்துக்கொண்டு, மூலபாடத்தையும் உரையையும் ஒப்புநோக்கும் அதே கவனத்தோடு கற்றல் வேண்டும். வாச்சாத்தியில் அந்த மூலபாடம் பதினெட்டுப் பெண்கள் மன்றத்தில் உரைத்த சொற்கள். தமிழ் உரைநடை வரலாற்றை எழுதுவோர் அவற்றிற்கு இடம் ஒதுக்குதல் கடன்.