மூன்று குரல்கள், ஒரு பெயர்

நான்கு வருடங்களாக ‘தி பேண்ட்’ குழுவின் பாடல்களைக் கேட்டுவந்த நான், அதில் ஒரே ஒரு பாடகர்தான் இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பிறையிலிருந்து ஈப்போவுக்குக் காரில் போகும்போது ‘தி வெயிட்’ ஓடியது. நூறு தடவைக்கு மேல் கேட்ட பாட்டு. நான்காவது சரணம் தொடங்கியதும் பக்கத்தில் இருந்த நண்பன், “ஆள் மாறிட்டான் பார்த்தியா?” என்றான். “எந்த ஆளு?” என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அவன் சொன்னது சரி. ‘தி வெயிட்’ பாட்டில் முதல் மூன்று சரணங்களைப் பாடுவது டிரம்ஸ் வாசிக்கும் லீவான் ஹெல்ம். நான்காவதைப் பாடுவது பேஸ் கிதார் வாசிக்கும் ரிக் டாங்கோ. பல்லவியில் பியானோக்காரர் ரிச்சர்ட் மானுவலும் சேர்ந்துகொள்கிறார். இவ்வளவு நடந்திருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியல. வீட்டுக்கு வந்து அந்தக் குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களையும் (1968, 1969) மறுபடி தொடக்கத்திலிருந்து கேட்டேன். இந்தக் கட்டுரை அப்படிக் கேட்டதில் கிடைத்தது.

முதலில் என் காதுக்காக ஒரு வாதம். இந்த மூன்று குரல்களும் ஒன்றுபோல் இருப்பது தற்செயல் அல்ல. ஐந்து பேர் கொண்ட குழுவில் ஹெல்ம் ஒருவர்தான் அமெரிக்கர், தெற்கே ஆர்கன்சா மாநிலத்துப் பருத்தி விவசாயி மகன். மற்ற நால்வரும் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். ரோனி ஹாக்கின்ஸ் என்ற ஆர்கன்சா பாடகர் 1958இல் ஹெல்மையும் கூட்டிக்கொண்டு கனடாவுக்குப் போனார். அங்கே 1960, 61இல் இந்த நால்வரும் ஒவ்வொருவராக அவருடைய குழுவில் சேர்ந்தார்கள். அப்போது டாங்கோ, மானுவல் இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. வருடக்கணக்கில் மதுக்கடை மேடைகளில் தென்னாட்டுப் பாட்டையே பாடினார்கள். தென்னாட்டு உச்சரிப்பு நாக்கில் ஏறிவிட்டது. நான் மூன்று பேரை ஒருவராக நினைத்ததற்கு என் காது மட்டும் காரணமில்லை. அந்த ஒற்றுமையை அவர்கள் உழைத்துச் சம்பாதித்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் எப்படிப் பிரிப்பது? பொறியியல் படித்தவன் என்பதால் முதலில் மென்பொருளிடம் போனேன். பாட்டைக் கருவிகள் வேறு, குரல் வேறு என்று பிரித்துத் தரும் செயலிகள் இப்போது நிறைய உண்டு. டிரம்ஸைப் பிரித்தது, பேஸைப் பிரித்தது. மூன்று குரல்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டது. அவ்வளவுதான் அதன் கெட்டிக்காரத்தனம்.

உதவியது இரண்டு பழைய விஷயங்கள். ஒன்று, என் வேலை. சுழலும் இயந்திரம் சீராக ஓடும்போது எழுப்பும் ஓசையில் சில கோளாறுகள் ஒளிந்துகொள்ளும். வேகம் பிடிக்கும்போதும் நிறுத்திய பிறகு மெல்ல ஓய்ந்து வரும்போதும்தான் அவை காட்டிக்கொடுக்கும். இன்னொன்று, என் அம்மா. என் குரலும் அண்ணன் குரலும் போனில் ஒரே மாதிரி இருக்கும். மாமா, சித்தி எல்லாரும் ஏமாந்திருக்கிறார்கள், அம்மா ஏமாந்ததே இல்லை. எப்படி என்று கேட்டதற்கு, “அவன் ‘மா’ன்னுதான் ஆரம்பிப்பான், நீ முழுசா ‘அம்மா’ம்ப” என்றார். இசைக்கருவிகளைப் பற்றிய ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கின்றன. ஒரு கருவியின் ஒலியில் தொடக்கத் துணுக்கை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் கேட்கவைத்தால், எந்தக் கருவி என்று சொல்வது கடினமாகிவிடும். ஆக, நீட்டிப் பாடும் இடத்தைக் கேட்கக்கூடாது. சொல் எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்று கேட்கவேண்டும்.

இப்படிக் கேட்டால் ஹெல்ம் முதலில் பிடிபடுவார். அவர் பாடும்போதும் டிரம்மர்தான். மெய்யெழுத்துகளைத் தட்டுகிறார், உயிரெழுத்துகளை மென்று துப்புகிறார். ‘அப் ஆன் கிரிப்பிள் கிரீக்’ பாட்டில் ஒவ்வொரு சொல்லும் தாளத்தின்மேல் காலை அகட்டி உட்கார்ந்திருக்கும். திண்ணையில் கதை சொல்லும் பெரியவருக்கு உரிய நிதானம் அது. கேட்பவன் எழுந்து போகமாட்டான் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது.

டாங்கோவுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. அவர் குரல் எப்போதும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு வருவதுபோல் இருக்கும். சொல்லின் முடிவில் குரல் லேசாக உடைந்து மேலே தாவும், நடுங்கும். ‘தி அன்ஃபெயித்ஃபுல் சர்வண்ட்’ கேளுங்கள். வீட்டைவிட்டு அனுப்பப்படும் ஒரு வேலைக்காரனைப் பற்றிய பாட்டு அது. பாடகர் யார் பக்கம் நிற்கிறார் என்று கடைசிவரை உறுதியாகச் சொல்லமுடியாது. அந்த உறுதியின்மையை வரிகளைவிட டாங்கோவின் நடுக்கம்தான் தாங்கி நிற்கிறது. ஹெல்ம் இதைப் பாடியிருந்தால் தீர்ப்பு முதல் சரணத்திலேயே வந்திருக்கும்.

மானுவல்தான் கடினம். காரணம், அவரிடம் இரண்டு குரல்கள் உண்டு. ‘டியர்ஸ் ஆஃப் ரேஜ்’ பாட்டில் ரே சார்ல்ஸை நிறையக் கேட்டு வளர்ந்த, கரகரத்த, கனத்த குரல். அதே ஆல்பத்தின் கடைசியில் ‘ஐ ஷல் பீ ரிலீஸ்ட்’ பாட்டில் பொய்க்குரலின் உச்சியில் காகிதம்போல் மெலிந்த குரல். இரண்டும் வேறு வேறு ஆள் என்றே நினைத்தேன். ஒருவரை இரண்டாகவும் மூவரை ஒருவராகவும் எண்ணி நான்கு வருடம் ஓட்டியிருக்கிறேன். அவரைக் காட்டிக்கொடுப்பது சொல்லின் தொடக்கம். ஓசைக்கு முன்னால் கொஞ்சம் காற்று வரும். பாடலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தது மாதிரி.

இந்தக் குழுவைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒன்றை இங்கே மறுக்கவேண்டும். மூன்று குரல்களும் கரைந்து ஒன்றாகின்றன, அதுதான் இவர்களுடைய சகோதரத்துவம் என்பார்கள். கரைவது என்றால் என்ன என்று தெரிய ‘கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ்’ கேட்கலாம். அங்கே மூன்று பேரும் ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் முடிப்பார்கள், தையல் தெரியாது. தி பேண்டில் தையல்தான் அழகு. ‘தி வெயிட்’ பல்லவியின் முடிவில் குரல்கள் படிக்கட்டில் இறங்குவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக நுழைகின்றன. ‘வீ கேன் டாக்’ பாட்டில் ஒருவர் தொடங்கிய பேச்சை இன்னொருவர் பிடுங்கிக்கொள்கிறார். ஒருவர் சற்று முந்துவார், ஒருவர் பிந்துவார், யாரும் காத்திருக்கமாட்டார்கள். இரண்டாவது ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பெரிய ஸ்டூடியோவில் இவர்கள் பதிவு செய்யவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் சாமி டேவிஸ் ஜூனியருக்குச் சொந்தமான வீட்டின் நீச்சல்குளத்துக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துப் பதிவு செய்தார்கள். ஒரே அறைக்குள் எல்லாரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடும் குடும்பத்தின் சத்தம் அந்த ஆல்பத்தில் கேட்கிறது. சகோதரத்துவம் என்று சொல்வதானால் அதைச் சொல்லலாம்.

குரல்களைப் பிரிப்பது வெறும் விடுகதை இல்லை. இந்தக் குழுவின் பெரும்பாலான பாடல்களுக்கு எழுதியவர் என்று இருக்கும் பெயர் கிதார் கலைஞர் ராபி ராபர்ட்சனுடையது. அவர் முதன்மைக் குரலாகப் பாடியது மிகக் குறைவு. உரிமைத்தொகை பெயருக்குப் போகும், குரலுக்குப் போகாது. ஹெல்ம் 1993இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதைப் பற்றிக் கசப்புடன் எழுதினார். பாடல்கள் எல்லாரும் சேர்ந்து உருவாக்கியவை என்பது அவர் கட்சி. உட்கார்ந்து எழுதியவன் நான் என்பது ராபர்ட்சன் கட்சி. ராபர்ட்சன் 2023இல் மறைந்த பிறகும் ரசிகர்கள் இதில் இரண்டு அணிதான்.

நான் எந்த அணியிலும் சேரவில்லை. ஆனால் ஒரு சோதனை இருக்கிறது. தெற்கு தோற்ற உள்நாட்டுப் போரை ஓர் ஏழைத் தென்னாட்டான் நினைத்துப் பார்க்கும் ‘தி நைட் தே டிரோவ் ஓல்ட் டிக்ஸி டௌன்’ பாடலை 1971இல் ஜோன் பயஸ் பாடினார். அது அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. அதே மெட்டு, ஒருசில சொற்கள் தவிர அதே வரிகள். பயஸின் குரல் எனக்குப் பிடிக்கும், பளிங்கு மாதிரி. ஆனால் அவர் பாடும்போது அது வரலாற்றுப் பாட்டு, கேட்பவர்கள் கைதட்டிச் சேர்ந்து பாடலாம். ஹெல்ம் பாடும்போது ஒரு விவசாயி, செத்துப்போன அண்ணனைப் பற்றிப் பேசுகிறான். அடிமைமுறைக்காகப் போரிட்ட பக்கம் அவன் நின்ற பக்கம் என்ற சங்கடம் அந்தப் பாட்டில் உண்டு, இருக்கவும் வேண்டும். ஹெல்மின் குரல் அந்தப் பக்கத்துக்கு வாதாடவில்லை, அந்த ஆளை மட்டும் நம்முன் உட்காரவைக்கிறது. கனடாக்காரரான ராபர்ட்சன் இந்தப் பாட்டை ஹெல்மின் வாய்க்காகவே எழுதினார். நடிகனை மனதில் வைத்து வசனம் எழுதுவது மாதிரி. எழுதியவர் அவர்தான் என்பதை மறுக்கமுடியாது. அந்த வாய் இல்லாமல் எழுதியிருக்கமுடியாது என்பதையும்தான்.

மானுவல் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை தேவை. அவர் 1986இல், 42 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இது தெரிந்த பிறகு ‘விஸ்பரிங் பைன்ஸ்’ கேட்டால் ஒவ்வொரு மூச்சிலும் மரணம் கேட்கும். எனக்கும் கேட்டது. ஆனால் அது நாம் பின்னால் கொண்டுபோய் வைத்தது. அதே ஆல்பத்தில் இருபத்தாறு வயது மானுவல்தான் ‘ராக்கிங் சேர்’ பாட்டில் கரை திரும்ப ஏங்கும் கிழட்டு மாலுமியாகப் பாடுகிறார். ‘அக்ராஸ் தி கிரேட் டிவைட்’ பாட்டில் குறும்புக்காரனாகவும் வருகிறார். ஒரு கலைஞனின் முடிவை வைத்து அவன் குரலைக் கேட்பது, மூன்று பேரை ஒருவராகக் கேட்பதைவிடப் பெரிய பிழை என்று நினைக்கிறேன். அதில் ஒரு மனிதனே காணாமல் போகிறான்.

ஹெல்முக்கு 1998இல் தொண்டைப் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சு சிகிச்சையில் குரல் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக மீண்டு 2007இல் ‘டர்ட் ஃபார்மர்’ என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதைக் கேட்டேன். பழைய குரலின் சதை போய்விட்டது. தேய்ந்து, காய்ந்து, இடையிடையே விரிசல் விட்டிருக்கிறது. ஆனால் முதல் வரியிலேயே அவர்தான் என்று தெரிந்துவிட்டது. சொற்களை அதே மாதிரித்தான் தட்டுகிறார், அதே மாதிரித்தான் மெல்லுகிறார். நோய்க்குத் தொண்டைதான் கிடைத்திருக்கிறது.

போன மாதம் ஈப்போவுக்குப் போகும்போது அதே நண்பன் பக்கத்தில் இருந்தான். ‘விஸ்பரிங் பைன்ஸ்’ ஓடியது. பின்பகுதியில் மானுவலுக்குப் பதில் சொல்வதுபோல் இன்னொரு குரல் வருகிறது. “யாரு சொல்லு?” என்றான். “ஹெல்ம்” என்றேன். அதன்பிறகு தாப்பா வரைக்கும் நாங்கள் பேசவில்லை, ஈப்போவைத் தாண்டி வந்துவிட்டோம் என்று அங்கேதான் கவனித்தோம்.