இலையுதிர்கால வேட்டை: சட்டம் எண்ணத் தவறிய பறவைகள்

பிரிட்டன் கிராமப்புறத்தில் வேட்டைக்கென்றே தனியாக ஒரு நாட்காட்டி உண்டு. ஆகஸ்ட் 12 அன்று கிரவுஸ் பறவையைச் சுடும் பருவம் தொடங்குகிறது. செப்டம்பர் 1 கவுதாரிக்கு, அக்டோபர் 1 பெசன்ட் கோழிக்கு. நவம்பர் தொடக்கத்தில் சிவப்புக் கோட்டு அணிந்த குதிரைவீரர்கள் வேட்டைநாய்களோடு கூடும் பெரிய பருவம் வரும். அறுவடை முடிந்து, ஆட்டுச் சந்தைகள் கூடி, மரங்கள் இலை கொட்டும் அந்த மாதங்களில்தான் ஊர் ஒன்றுசேர்கிறது.

இவற்றையெல்லாம் மரபு என்று சொல்லி மொத்தமாக ஆதரிப்பவர்களும், கொடூரம் என்று சொல்லி மொத்தமாக எதிர்ப்பவர்களும் கால் நூற்றாண்டாக அங்கே சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் இருவரோடும் உடன்படவில்லை. இந்த வேட்டைகளுக்குச் சொல்லப்படும் நன்மைகள் பொய்யல்ல. ஆனால் வேட்டை சிறிதாக, உள்ளூர்க்காரர்கள் கையில் இருக்கும்வரைதான் அவை மெய். பணம் பெருகப் பெருக அவை கரைகின்றன. சட்டம் இந்த அளவைப் பார்த்திருக்க வேண்டும். அது பார்த்ததோ நரிவேட்டைக்காரர் அணிந்த சிவப்புக் கோட்டை.

முதலில் நல்ல பக்கம். வடக்கே கம்பிரியா மலைப்பகுதியில் குதிரையே ஏற முடியாது. அங்கே நரிவேட்டை என்றால் ஆட்டிடையர்கள் நாய்களின் பின்னால் கால்நடையாக மலையேறுவதுதான். ஆங்கிலேயர் வேட்டைப் பாடலில் கொண்டாடும் ஜான் பீல் (1776–1854) அந்தப் பகுதிக்காரர்தான். பெரும் பிரபு அல்லர், நாட்டுப்புற மனிதர். சமவெளியிலும் வேட்டைக்குழு என்பது குதிரையேறும் செல்வந்தர்களோடு முடிந்துவிடவில்லை. நாய்க்குட்டிகளைப் பண்ணைக் குடும்பங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்து, பழக்கித் திருப்பிக் கொடுக்கும். பண்ணையில் மாடோ ஆடோ செத்துப்போனால் வேட்டைக்குழுவின் ஆட்கள் வந்து எடுத்துப்போய் நாய்களுக்குத் தீனியாக்குவார்கள். இறந்த கால்நடையை அப்புறப்படுத்துவது விவசாயிக்கு எவ்வளவு பெரிய செலவு என்பது மாடு வைத்திருப்பவருக்குத் தெரியும். நரிவேட்டையைத் தடைசெய்யும் முயற்சியை எதிர்த்து, 2002 செப்டம்பர் 22 அன்று நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் லண்டன் தெருக்களில் பேரணி வந்தார்கள். நரியைக் கொல்லும் உரிமை மட்டும் அவ்வளவு பேரைத் திரட்டியிருக்காது. தங்கள் வாழ்க்கையைத் தெரியாதவர்கள் தங்களுக்குச் சட்டம் எழுதுகிறார்கள் என்ற கோபம் அதில் இருந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் வேட்டையை அருகில் போய்ப் பார்த்தால் அந்த நியாயம் தடுமாறுகிறது. சிவப்புக் கோட்டுப் பருவத்துக்கு முன்னால், ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை, இன்னொரு வேட்டை நடந்துவந்தது. நாளிதழ்ப் புகைப்படங்களில் அது வருவதில்லை. பனி இறங்கும் விடியற்காலையில் சிறு காடு ஒன்றைக் குதிரைக்காரர்கள் வளைத்து நிற்பார்கள். உள்ளே அந்த வசந்தத்தில் பிறந்த நரிக்குட்டிகள், ஏறக்குறைய வளர்ந்தவை, ஆனால் ஓடித் தப்பும் வழி அறியாதவை. வேட்டைக்குப் புதிதான இளநாய்களை மூத்த நாய்களோடு உள்ளே விடுவார்கள். வெளியே ஓடிவரும் நரியைச் சேணத்தில் தட்டியும் கத்தியும் மீண்டும் காட்டுக்குள் விரட்டுவார்கள். இளநாய் கொல்லக் கற்றுக்கொள்ளும் பாடம் அது. 2000-இல் அரசு அமைத்த பர்ன்ஸ் விசாரணைக் குழு, பதிவுபெற்ற வேட்டைக்குழுக்கள் ஆண்டுக்கு 21,000 முதல் 25,000 நரிகளைக் கொல்வதாகவும், அதில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்த இலையுதிர்காலப் பயிற்சியில் சாவதாகவும் கணக்கிட்டது. விரட்டிக் கொல்வது நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்பதும் அந்தக் குழுவின் முடிவு. திறந்த வெளியில் வலிமையும் தந்திரமும் மோதும் நேர்மையான போட்டி இது என்று சொல்லிவந்தவர்களுக்கு, வாசலை அடைத்துக்கொண்டு குட்டிகளைக் கொல்லும் இந்தப் பழக்கத்தை விளக்க எந்த வழியும் இல்லை.

நரி கோழியையும் ஆட்டுக்குட்டியையும் தின்கிறது, ஆகவே வேட்டை அவசியம் என்பது அடுத்த வாதம். கம்பிரியா, வேல்ஸ் மலைகளில் இதற்கு மதிப்புண்டு, பர்ன்ஸ் குழுவும் அதை ஒப்புக்கொண்டது. சமவெளியில் இது எடுபடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நரி குறைந்தபோது, ஐரோப்பாவிலிருந்து பிடித்துவந்த நரிகளை லண்டன் லெடன்ஹால் சந்தையில் வாங்கி வேட்டைநிலங்களில் விட்டார்கள். நரி தங்கிக் குட்டி போடுவதற்குச் செயற்கை வளைகளும் கட்டினார்கள். ஒழிக்க வேண்டிய பிராணியை யாரும் விலை கொடுத்து வாங்கி விடுவதில்லை. நம் நீலகிரியே இதற்குச் சாட்சி. ஊட்டிக்கு வந்த ஆங்கிலேயர்கள் இங்கிலாந்து நாய்களை வரவழைத்து, வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் செந்நரிக்குப் பதிலாக நம்மூர் நரியைத் துரத்தினார்கள். எந்த விவசாயியின் ஆட்டைக் காப்பாற்றவும் அந்தக் குதிரைகள் ஓடவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது துரத்தல்.

ஆகவே நாய்களைக் கொண்டு நரியைக் கொல்வதை நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன். ஸ்காட்லாந்து 2002-இல் சட்டம் இயற்றியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-இல் நிறைவேறிய வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரி 18 அன்று நடைமுறைக்கு வந்தது. பிரபுக்கள் சபை மறுத்ததால் பார்லிமென்ட் சட்டம் என்னும் அரிய ஆயுதத்தை எடுத்துத்தான் அதை நிறைவேற்ற வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தச் சட்டம் நரியைக் காப்பாற்றவில்லை. நரியைத் துப்பாக்கியால் சுட இன்றும் தடையில்லை, பண்ணைகளில் தினமும் நடக்கிறது. வேட்டைக்குழுக்களோ, முன்கூட்டியே இழுத்துவைத்த வாசனைத் தடத்தைப் பின்தொடர்கிறோம் என்ற பெயரில் குதிரையேறுகின்றன. அந்தத் தடத்தைத் தேடும் நாய் உண்மையான நரியைப் பிடித்துவிட்டால் தற்செயல் என்கிறார்கள். இதில் நம்பிக்கை இழந்த, பாரம்பரிய நிலங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 2021-இல் தன் நிலங்களில் இதற்கு அனுமதி தருவதை நிறுத்தியது. 2024 தேர்தல் அறிக்கையில் தொழிற்கட்சி இதையும் தடை செய்வதாக வாக்களித்தது.

இத்தனை ஆண்டு விவாதமும் ஆண்டுக்கு இருபத்தைந்தாயிரம் வரையிலான நரிகளைச் சுற்றி. பக்கத்துக் காட்டில் நடப்பதைப் பாருங்கள்.

பெசன்ட் ஆசியாவிலிருந்து வந்த பறவை. இன்று பிரிட்டனில் அது சுடப்படுவதற்காகவே வளர்க்கப்படுகிறது. கோடைத் தொடக்கத்தில் குஞ்சுகளைக் கொட்டகையில் வளர்த்து, ஏழெட்டு வாரத்தில் காட்டோரக் கூண்டுகளுக்கு மாற்றி, வேட்டைக்காவலர் தானியம் தூவிப் பழக்கி, இலையுதிர்காலத்தில் வெளியே விடுகிறார். ஆண்டுக்கு 3 கோடிக்கும் மேல் பெசன்ட், கூடவே பல லட்சம் சிவப்புக்கால் கவுதாரி. வேட்டை நாளில் எட்டு அல்லது ஒன்பது துப்பாக்கிக்காரர்கள் நடப்பட்ட முளைகளின் பக்கத்தில் வரிசையாக நிற்பார்கள். ஊர் ஆட்கள் கம்பால் புதரைத் தட்டியபடி எதிர்ப்பக்கமிருந்து வருவார்கள். கொழுத்த பறவைகள் வேறு வழியின்றி அந்த வரிசைக்கு மேல் பறக்கும். பணம் கட்டி வருபவர்களுக்கு ஒரு பறவைக்கு இத்தனை பவுண்டு என்று விலை பேசி, இத்தனை பறவை விழும் என்று முன்பே சொல்லி நாளை விற்கிறார்கள். விடப்படும் பறவைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் சுடப்படுகிறது. மற்றவை சாலையில் அடிபட்டும், நோய் வந்தும், நரி வாயில் விழுந்தும் சாகின்றன.

இங்கேதான் முழு ஏற்பாட்டின் முரணும் இருக்கிறது. கோடிக்கணக்கான கோழிகளைக் காட்டில் இறைத்து நரிக்குத் தீனி போடுவதும், நரி பெருகிவிட்டது என்று சுடுவதும் ஒரே எஸ்டேட்தான். இந்த மிகை புதிதல்ல. 1913 டிசம்பர் 18 அன்று பக்கிங்ஹாம்ஷயரில் ஹால் பார்ன் எஸ்டேட்டில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் கூட்டாளிகளும் ஒரே நாளில் 3,937 பெசன்ட்களைச் சுட்டார்கள். கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று மன்னரே மகனிடம் சொன்னதாகப் பதிவுண்டு. மன்னருக்கு வந்த அந்தத் தயக்கம் இன்றைய வேட்டை வணிகத்துக்கு வரவில்லை.

ஈயக் குண்டு விஷயம் இந்த வணிகத்தின் மனநிலைக்கு நல்ல உரைகல். ஈயம் நஞ்சு என்பதும், சிதறிய குண்டைக் கொத்தித் தின்று நீர்ப்பறவைகள் சாகின்றன என்பதும் தெரிந்த சங்கதி. 2020-இல் வேட்டை அமைப்புகள் ஒன்பது கூடி, ஐந்தாண்டுக்குள் தாங்களாகவே ஈயத்தைக் கைவிடுவதாக அறிவித்தன. கடைகளில் வாங்கிச் சோதித்த பெசன்ட் இறைச்சியில், ஆண்டு பல கழிந்த பிறகும், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை ஈயத்தால்தான் சுடப்பட்டிருந்தன. கடைசியில் 2025 ஜூலையில் அரசே தடையை அறிவிக்க வேண்டியதாயிற்று. எங்களை நாங்களே திருத்திக்கொள்வோம் என்ற வாக்குறுதியை இனி யார் நம்புவது?

இருந்தாலும் நிலத்துக்கு வேட்டை செய்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. 2003-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, வேட்டையில் ஈடுபடும் நிலவுடைமையாளர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் காடுகளைக் காத்து, புதிதாக மரமும் உயிர்வேலியும் நட்டதைக் காட்டியது. போருக்குப் பின் ஆங்கிலேய விவசாயம் வேலிகளை எல்லாம் பிடுங்கி எறிந்த காலத்தில் மிஞ்சிய பல சிறு காடுகள் பெசன்ட்டுக்காக மிஞ்சியவை. நார்தம்பர்லாந்தின் ஆட்டர்பர்ன் பகுதியில் 2000 முதல் 2008 வரை நடந்த சோதனையில், நரியையும் காக்கையையும் கட்டுப்படுத்திய இடங்களில் கர்லூ, ஆட்காட்டி போன்ற தரையில் கூடுகட்டும் பறவைகள் ஏறத்தாழ மூன்று மடங்கு வெற்றியோடு குஞ்சு பொரித்தன. குளிர்காலத்தில் கோடியக்கரையில் நாம் பார்க்கும், வளைந்த நீள அலகு கொண்ட அந்த இனம்தான் கர்லூ. வேட்டைக்காவலரைத் துரத்திவிட்டால் அதன் கூடுகளை யார் காப்பது என்ற கேள்விக்கு எதிர்ப்பாளர்களிடம் இன்னும் தெளிவான பதில் இல்லை.

அதே காவலர் கையில்தான் இன்னொரு பறவை சாகிறது. கிரவுஸைத் தின்னும் பூனைப்பருந்து சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. டிரான்ஸ்மிட்டர் பொருத்தப்பட்ட 58 பூனைப்பருந்துகளைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, அவற்றில் 72 விழுக்காடு சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டிருக்க வாய்ப்புள்ளது என்றது. பறவைகள் மறையும் வாய்ப்பு கிரவுஸ் நிலங்களில் அதிகமாக இருந்தது. ஸ்காட்லாந்து இதற்குக் கண்ட வழி எனக்குச் சரியாகப்படுகிறது. 2024 சட்டப்படி அங்கே கிரவுஸ் சுட நிலத்துக்கு உரிமம் வேண்டும். பருந்து கொல்லப்பட்டால் உரிமம் பறிபோகலாம். காவலரைப் பிடித்து அபராதம் போடுவதைவிட, லாபம் பார்க்கும் முதலாளியின் பையைத் தொடுவது பலன் தரும்.

இங்கிலாந்து இந்த உரிம முறையைப் பெசன்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இப்போது சில பாதுகாக்கப்பட்ட நிலங்களிலும் அவற்றைச் சுற்றி 500 மீட்டருக்குள்ளும் மட்டும் பறவை விடுவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. மற்ற இடங்களில் எத்தனை விட்டாலும் கேட்பாரில்லை. ஓர் ஏக்கருக்கு இத்தனைக்கு மேல் கூடாது என்று வரையறுத்து, விட்ட கணக்கையும் சுட்ட கணக்கையும் வெளியிடச் சொன்னால், நாலு விவசாயிகள் சேர்ந்து தங்கள் வயலோரத்தில் நாலு நாள் சுட்டு, விழுந்ததைச் சமைத்து உண்ணும் பழைய வேட்டை அப்படியே பிழைக்கும். ஒரே நாளில் ஐந்நூறு பறவை விற்கும் எஸ்டேட்தான் சுருங்கும். வாசனைத் தட வேட்டைக்கான தடையை முதலில் கையிலெடுப்பது அரசுக்கு எளிது, கைதட்டலும் கிடைக்கும். முதலில் வர வேண்டியது பெசன்ட் உரிமச் சட்டம்.