காலனிய அமெரிக்கப் பணத்தாள் சேகரிப்பு: ஒரு மதிப்பீடு

1690-இல் கியூபெக்கின் மீது படையெடுத்துத் தோற்றுத் திரும்பிய வீரர்களுக்குக் கூலி கொடுக்க மாசசூசெட்ஸ் பே காலனியிடம் வெள்ளி இல்லை. அந்த டிசம்பரில் அது வெளியிட்ட தாள்களே அமெரிக்கக் காலனிகளின் முதல் பணத்தாள்கள். பிற காலனிகளும் பின்னாளில் அதே வழியில் சென்றன. வரியாகத் திரும்பி வந்த தாள்களை அரசுகள் எரித்துவிடும். ஆகவே திரும்பப் பெறும் வாக்கைக் காப்பாற்றிய பணம் அரிதாகவும், காப்பாற்றாத பணம் மிகுதியாகவும் எஞ்சியிருக்கிறது. விடுதலைப் போருக்காக 1775 முதல் 1779 வரை ஏறத்தாழ 24 கோடி டாலர் அளவுக்கு வெளியிடப்பட்ட கான்டினென்டல் தாள்கள் மதிப்பிழந்தன. இன்று அவை எளிதில் கிடைக்கின்றன. சேகரிப்பாளரின் ஆல்பத்தை மட்டும் பார்த்து அக்காலப் பொருளாதாரத்தை எடைபோட்டால் தவறான முடிவுக்கே வர நேரும்.

ஆயினும் இத்துறையின் அறிவில் பெரும்பகுதி சேகரிப்பாளர்கள் தந்தது. எரிக் பி. நியூமன் 1967-இல் வெளியிட்ட விரிவான பட்டியல் நூல் இன்றும் அடிப்படை ஆதாரம். பெஞ்சமின் ஃபிராங்ளின் அச்சிட்ட பல தாள்களின் பின்புறத்தில் உண்மையான இலையின் நரம்புகள் பதிந்திருக்கும். ஒரு இலையைப் போல் இன்னொன்று இராது என்பதால் கள்ள அச்சுக்காரர்கள் திணறினர். இலையிலிருந்து வார்ப்பெடுத்து உலோக அச்சு செய்த அந்த நுட்பத்தை விளக்கியவரும் நியூமனே.

இச்சேகரிப்பின் பெருங்குறை, விலையை நிர்ணயிக்கும் அளவுகோலில் இருக்கிறது. மடிப்பில்லாத, ஓரம் குறையாத தாளுக்கே உயர்ந்த விலை. அதாவது, பணமாகப் பெரிதும் புழங்காத தாளே பணத்தாள்களில் சிறந்ததாகிறது. இரண்டாகக் கிழிந்ததை நூலால் தைத்தும் குண்டூசி குத்தியும் மக்கள் தொடர்ந்து செலவழித்த தாள்கள் மலிவாகப் போகின்றன. வரலாற்றுக்கு அவையே வலுவான சான்றுகள். இன்னும் வருந்தத்தக்கது, மதிப்பெண் கூடுவதற்காகத் தாளைக் கழுவி, அழுத்தி, துளையை அடைத்து, அதைச் சொல்லாமல் விற்பது. தரச்சான்று நிறுவனங்கள் இத்தகைய திருத்தங்களைச் சீட்டில் குறிப்பிடுவது நல்ல தடுப்பு.

கையொப்ப மோகமும் இப்படித்தான். நியூ ஜெர்சியின் 1776-ஆம் ஆண்டுத் தாள்களில் ஒப்பமிட்டவர்களுள் ஜான் ஹார்ட், விடுதலைப் பிரகடனத்திலும் ஒப்பமிட்டவர். அவர் பெயருள்ள தாளின் விலை அதனாலேயே ஏறுகிறது. அதில் உடன் ஒப்பமிட்டவர்களை யாரும் தேடுவதில்லை. புதிதாக வருவோருக்கு நினைவுப்பொருளாக விற்கப்படும் நகல்களும் பொறி. ஆனால் அக்காலத்துக் கள்ளத்தாள்கள் வேறு வகை: போரின்போது பிரிட்டிஷ் தரப்பு பரப்பியவை உட்பட, அவையும் ஆவணங்களே.

ஏலத்தில் ஒரு தொகுப்பு சிதறும்போது, எந்தத் தாள் எதனுடன் கிடைத்தது என்ற தகவலும் அழிந்துவிடக்கூடும். விற்பதற்கு முன் இருபுறமும் படமெடுத்து, வரிசை எண்ணையும் ஒப்பங்களையும் பதிந்து பொதுவில் வைத்தால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். இப்படிப் பொதுவில் வைப்பதற்கு முன்மாதிரியும் உண்டு: நியூமன் பெயரிலான இணையத் தொகுப்பு, நாணயவியல் நூல்களையும் ஏலப் பட்டியல்களையும் எவரும் இலவசமாகப் படிக்கத் தருகிறது.