வாடகை வீட்டுப் பிள்ளைகள்

பிறந்த வீட்டைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் நினைவுக் கட்டுரைகளை ஒரு மாதம் விடாமல் படித்தால், எல்லோரும் ஒரே வீட்டில்தான் பிறந்தார்களோ என்று சந்தேகம் வந்துவிடும். திண்ணை, முற்றம், ஊஞ்சல், கிணற்றடி, தாத்தாவின் வெற்றிலைச் செல்லம். எந்த மாவை ஊற்றினாலும் அதே பணியாரம். ஆனால் நம் உரைநடையில் முதல் வீடு நன்றாக எழுதப்பட்ட இடங்களைத் தேடிப்போனால், அங்கே பெரும்பாலும் பூர்வீக வீடு இல்லை. இருந்தாலும் கையில் நிற்பதில்லை.

உ.வே.சா.விடமே இது தொடங்கிவிடுகிறது. 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கிய 'என் சரித்திரம்' சொந்த ஊரான உத்தமதானபுரத்தை ஆசையோடு சொல்கிறது. ஆனால் பையன் அங்கே நிலைத்திருக்க முடியவில்லை. சங்கீதத்தையும் இராமாயணப் பிரசங்கத்தையும் நம்பிப் பிழைத்த தகப்பனார் அரியலூர், குன்னம், கார்குடி என்று குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டே இருக்கிறார். பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தர எந்த ஊரில் ஆள் உண்டோ அந்த ஊரில் ஜாகை. எண்பத்தைந்து வயதில் எழுத உட்காரும்போது, சுவரையும் கூரையையும்விட, இடம் கொடுத்தவர்களையும் படியளந்தவர்களையும்தான் கிழவருக்கு அதிகம் நினைவிருக்கிறது.

சுந்தர ராமசாமியின் 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' (1998) நாவலில் வரும் வீடு கோட்டயத்தில், 1937 முதல் 39 வரையிலான காலத்தில் இருக்கிறது. அப்பாவுக்குப் பயந்த பிள்ளை பாலு. அந்த வீட்டின் வரைபடம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அப்பா எந்த அறையில் இருக்கிறார் என்பது மட்டும் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. குழந்தை வீட்டை அளப்பது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977) இன்னும் கடுமையானது. செகந்திராபாத் லான்சர் பாரக்ஸில் ரயில்வே ஊழியர் குடும்பம். நிஜாம் ஆட்சிக்காக ரஜாக்கர் படை ஆயுதமேந்திய காலம். அடுத்த வீட்டு காசிமோடு சில்லறைச் சண்டை. கடைசியில் கலவரத்துக்குப் பயந்து ஓடும் அந்தக் குடும்பத்துப் பிள்ளை சந்திரசேகரன் சுவரேறிக் குதிப்பது இன்னொரு குடும்பத்தின் வீட்டுக்குள். அவர்கள் அவனைக் கண்டு நடுங்குகிறார்கள். தமிழில் வீட்டைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதற்கு மேல் ஒரு காட்சியை நான் படித்ததில்லை.

பெருமாள்முருகனின் முதல் நாவல் 'ஏறுவெயி'லில் (1991) காலனி கட்ட நிலம் போகிறது. காட்டோடு வீடும் போகிறது. ஈழத்திலோ போரின் நடுவே, 1995 அக்டோபர் கடைசியில், யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்தது. அதன்பின் அங்கிருந்து வந்த எழுத்தில் நாற்சார் வீடும் கிடுகு வேலியும் வெறும் அழகுக்காக வருவது குறைவு.

பெண்கள் எழுதும்போது கணக்கே மாறுகிறது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் (2004) வீடு சொந்த வீடுதான். வயதுக்கு வந்தால் வாசல் அடைபடும், கல்யாணமானால் அந்த வீடே இன்னொருவருடையதாகும். சிறுமி ராபியா இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாமாவின் 'கருக்கு' (1992) வீட்டில் தொடங்குவதே இல்லை. ஊரைக் காட்டி, எந்தத் தெருவில் யார் என்று சொல்லிவிட்டுத்தான் தன்னிடம் வருகிறது. தெருவைச் சொல்லாமல் வீட்டை மட்டும் சொல்லும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. திண்ணைக் கட்டுரைகள் சொல்லாமல் விடுவதும் அந்தத் தெருவைத்தான்.

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்லலாம். நாங்கள் இருந்தது ஒரு வளவில், ஐந்து குடித்தனங்களுக்கு நடுவே. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் முதல் சட்டம். அப்பா அடித்துவிட்டார், ஏழெட்டு இடங்களில். காலி செய்த அன்று, அட்வான்ஸில் பிடித்துவிடுவார்களே என்று அம்மா சுண்ணாம்பைக் குழைத்து ஒவ்வொரு ஓட்டையாக விரலால் அடைத்துக்கொண்டு வந்தாள். காலண்டர் மாட்டியிருந்த ஆணி மட்டும் பிடுங்க வரவில்லை. அதன்மேல் ஒரு பூச்சுப் பூசிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வண்டிக்கு வந்தாள்.