மகிஷனுக்கு வெயில், அம்மனுக்கு இருட்டு

மாமல்லபுரத்தில் மகிஷாசுரமர்த்தினி குகைக்குள் கேமராவோடு போயிருக்கிறீர்களா? கிழக்குப் பார்த்த குகை. வடக்குச் சுவரில் சிங்கத்தின் மேல் துர்க்கை வில்லும் கையுமாகப் பாய்ந்து வருகிறாள். எதிரே எருமைத்தலை மகிஷன் பின்வாங்குகிறான். அவன் நிற்பது வாசல் பக்கம், அதனால் வெளிச்சமெல்லாம் அவனுக்கே! அம்மன் உள்ளிருட்டில். வாசல் தூணையும் அதைத் தாண்டி வானத்தையும் சேர்த்து ஒரே படத்தில் பிடிக்க எத்தனை முறை முயன்றிருப்பேன்! வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் அம்மன் கரிக்கட்டை. அம்மனுக்கு வைத்தால் வானம் வெள்ளைத்தாள்.

இந்த முறை தூணில் தோளைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று எடுத்தேன். நடுவாக ஒன்று, இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, இரண்டு கூட்டி ஒன்று. மூன்றும் ரா ஃபைல். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான்; 14 பிட் ராவில் 16,384. இருட்டுக்குள்ளிருந்து கல்லை மீட்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

லைட்ரூமில் மூன்றையும் சேர்த்து ஹைலைட்ஸை இறக்கி ஷேடோஸை முழுக்க ஏற்றினேன். அடடா! சிங்கத்தின் பிடரி, பூதகணங்கள், அம்மனின் எட்டுக் கைகள், எல்லாமே தெரிந்தன. துள்ளிக் குதித்து, எங்கள் ஊர் ஸ்டுடியோ அண்ணனிடம் ஓடினேன். டார்க் ரூமில் பிரிண்ட் போட்டே பழகிய கை அவருடையது.

ரொம்ப நேரம் பார்த்தார். “எல்லாம் தெரியுது தம்பி. குகை எங்க?”

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மதிய வெயிலில் வெட்டவெளியில் வைத்த சிலை மாதிரி இருந்தது படம். தூணோரத்தில் வெள்ளைக் கோடு வேறு.

“ஷேடோவப் பாதி இறக்கு. மகிஷன் மேலதான் வெளிச்சம் கூட இருக்கணும், அங்க நெசம் அதுதான? அம்மா முகத்த மட்டும் லேசாத் தூக்கு” என்றார். என்லார்ஜருக்கு அடியில் கம்பி முனையில் ஒட்டிய சின்ன அட்டையை ஆட்டி ஆட்டி முகத்தை வெளுக்க வைத்த கதையைச் சொன்னார். நாம் இன்று பிரஷ் மாஸ்க்கில் செய்வது அதே வேலைதான்! (1850களிலேயே பிரான்சில் குஸ்தாவ் ல கிரே கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என்று இரண்டு நெகட்டிவைச் சேர்த்துப் பிரிண்ட் போட்டிருக்கிறார்.)

அன்று ராத்திரியே உட்கார்ந்து மாற்றினேன். இருட்டு திரும்பி வந்தது. அதற்குள்ளிருந்து அம்மன் முகம் மெல்ல எழுந்து வந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது எனக்கு. நான் எடுத்ததிலேயே இதுதான் ஆகச் சிறந்த படம், சத்தியமாக.

உங்கள் ஊரிலும் டார்க் ரூம் வேலை தெரிந்த ஒருவர் இருப்பார். தேறாது என்று ஒதுக்கிய படங்களை அழித்துவிடாதீர்கள். ரா ஃபைலோடு அவர் முன்னால் போய் உட்காருங்கள்.