விளையாட்டில் வந்த பாஷை

“இருபத்திரண்டு வயசாகுது, இன்னும் செல்லுல சுட்டு விளையாடிக்கிட்டுக் கெடக்கான். நீங்களாவது சொல்லுங்கய்யா” என்று பாம்பனில் ஓர் அம்மாள் தம் மகனைப் பற்றி என்னிடம் முறையிட்டுக்கொண்டார். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தைப் பார்க்கப் போயிருந்தேன். பழைய சிநேகிதர் ஒருவர் வீட்டில் ஜாகை. அந்த அம்மாள் அடுத்த வீட்டுக்காரர். கதை எழுதுகிறவனுக்குப் புத்தி சொல்லவும் தெரியும் என்ற நம்பிக்கை இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. நானும் சொல்லி வைப்பதாக ஒப்புக்கொண்டேன்.

சொல்வதற்கு முன்னால் வேறொன்று நடந்துவிட்டது. மறுநாள் காலை டீக்கடையில் வடக்கிலிருந்து வந்த யாத்திரிகர் குடும்பம் ஒன்று, ராமேசுவரத்தில் எங்கேயோ விட்டுவிட்டு வந்த பையை நினைத்துப் பதறிக்கொண்டிருந்தது. ஐஸ் கம்பெனி வேலைக்குப் போகப் புறப்பட்ட இந்தப் பையன் நின்றான். அவர்களோடு ஹிந்தியில் பேசினான். எந்தக் கடை, எத்தனை மணி, என்ன நிறம் என்று கேட்டு, பெரியவரைச் சமாதானப்படுத்தி, ஆட்டோக்காரரிடம் தமிழில் விவரம் சொல்லி அனுப்பி வைத்தான். இவன் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சையில் இரண்டு தடவை தவறியவன் என்று தாயார் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். ஹிந்தி அவன் படித்த பள்ளிக்கூடத்தில் கிடையாது.

“எங்கே படித்தாய், தம்பி?” என்று கேட்டேன்.

“படிக்கலைங்கய்யா. பப்ஜில வந்துச்சு.”

‘வந்துச்சு’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒருவனுக்கு நீச்சல் வரும், பாட்டு வரும், பாஷை வரும் என்றுதான் நாம் சொல்லுகிறோம். படித்தது வேறு, வந்தது வேறு என்பது நம் பேச்சுக்குத் தெரிந்திருக்கிறது. நம் பள்ளிக்கூடங்களுக்குத்தான் தெரியவில்லை. எப்படி வந்தது, எவ்வளவு தூரம் வந்தது என்று விசாரிப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பப்ஜி என்பது 2018இல் கைபேசிக்கு வந்த ஆட்டம். நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். கையில் அகப்பட்ட ஆயுதத்தை எடுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் வேட்டையாடுகிறார்கள். நிற்கக்கூடிய இடம் நேரம் ஆக ஆகச் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் மிஞ்சுகிறவர் ஜெயித்தவர். நான்கு பேர் ஒரு கட்சியாகச் சேர்ந்து ஆடலாம். அந்த நால்வரும் ஒருவரை ஒருவர் கண்ணால் கண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆடும்போது வாய்விட்டுப் பேசிக்கொள்ளலாம். பாம்பன் தீவில் உட்கார்ந்திருக்கும் பையன், கற்பனைத் தீவு ஒன்றில், எங்கேயோ வடக்கே இருக்கும் மூன்று பேரோடு ஓடிக்கொண்டிருக்கிறான். “பின்னால் ஆள்” என்று ஒருவன் ஹிந்தியில் கத்தும்போது புரிந்துகொண்டால் உயிர் தப்பும். இல்லாவிட்டால் ஆட்டம் போய்விடும். இலக்கணம் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

இப்படி வரும் பாஷையைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று உபாத்தியாயர்களுடையது: இது பாஷையே அல்ல, கொச்சை, கூச்சல் என்பார்கள். மற்றது உற்சாகிகளுடையது. இவர்களுக்கு மேல்நாட்டுப் பண்டிதர்களின் பக்கபலம் இருக்கிறது. ஜேம்ஸ் பால் ஜீ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2003இல் வெளியிட்ட நூல் ஒன்றில், ஆட்டத்தோடு வரும் குறிப்புப் புத்தகம் ஆடுவதற்கு முன் ஒன்றும் புரியவில்லை, சில மணி நேரம் ஆடிவிட்டு எடுத்தால் எல்லாம் தெளிவாகிவிட்டது என்று தம் அனுபவத்தைச் சொல்கிறார். சொல்லுக்கு அர்த்தம் அகராதியிலிருந்து வருவதில்லை, சந்தர்ப்பத்திலிருந்து வருகிறது என்பது அவர் வாதம். ஸ்டீபன் கிராஷன் என்பவர் அவருக்கு இருபது வருஷம் முந்தியே, புரிகிற அளவில் ஒரு பாஷையைக் கேட்டுக்கொண்டே இருந்தால் அது படிந்துவிடும், பயமும் கூச்சமும்தான் குறுக்கே நிற்கும் சுவர் என்று எழுதினார்.

உபாத்தியாயர் கட்சியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க், தமிழ் உபாத்தியாயர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளின் நடுவில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். தெரிந்தவனாக நடிக்க வேண்டாத இடத்தில்தான் பாஷை வருகிறது. குழந்தைகள் நடுவே பெரியவனுக்குக் கூச்சம் ஏது? ராமநாதபுரத்தில் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு வித்திட்டார். அவர் பெயரால் உள்ள பள்ளியில்தான் அப்துல் கலாம் படித்தார். ஆகப் பள்ளிக்கூடத்தால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தப்புக்கு மார்க் குறைப்பதும் நாலு பேர் முன்னிலையில் நிற்கவைத்துச் சிரிப்பதும் எந்தப் பாஷையையும் வாயிலிருந்து விரட்டிவிடும். இந்தப் பையன் ஆட்டத்தில் ஆயிரம் தப்பு செய்திருப்பான். செத்துப்போய் மறுபடியும் விமானத்திலிருந்து குதித்திருப்பான். அங்கே தப்புக்கு அதற்கு மேல் தண்டனை இல்லை.

உற்சாகிகளின் கட்சியிடம்தான் எனக்குத் தகராறு அதிகம். கேட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்றால், எங்கள் தலைமுறை முழுவதும் ஹிந்தி பண்டிதர்களாகியிருக்க வேண்டும். 1952இல் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமற் போயிற்று. அதே வருஷம் இலங்கை வானொலியில் பினாகா கீத்மாலா தொடங்கியது. அமீன் சயானியின் குரல் இந்தியா முழுவதும் பரவியது. அக்கரையிலிருந்து வரும் ஒலி ராமநாதபுரம் கரையில் பக்கத்து வீட்டுப் பேச்சுப்போலக் கேட்கும். வார்த்தைக்கு வார்த்தை பிசகாமல் ஹிந்திப் பாட்டுப் பாடியவர்களை எனக்குத் தெரியும், நானும் பாடியிருக்கிறேன். ஒரு வரிக்கும் பொருள் தெரியாது. ‘புரிகிற அளவில்’ என்று கிராஷன் நிபந்தனை போட்டிருக்கிறார் என்பது வாஸ்தவம். ஆனால் புரியவைக்க ஓர் ஆள் வேண்டாமா? ரேடியோ பேசும், நாம் பதில் சொன்னால் அதற்குக் கேட்காது. பதில் சொல்ல முடியாத இடத்தில் பாட்டு வரலாம், பாஷை வராது.

ஆட்டத்தில் பதில் சொல்ல முடிகிறது. அந்த மட்டில் அது ரேடியோவைவிட மேலான ஆசான். ஆனால் என்ன பதில்? இந்தப் பையனை எதிரில் உட்காரவைத்து, ஆட்டத்தில் பேசுகிற ஹிந்தியை எல்லாம் சொல்லச் சொன்னேன். வா, போ, படு, ஓடு, சுடு, மருந்து கொடு, வண்டியில் ஏறு, இங்கே இருக்கிறான், அங்கே பார். நம் இலக்கணத்தில் இதற்கு ஏவல் என்று பெயர். ஏவலைத் தவிர மிகக் கொஞ்சமே அதில் இருந்தது. நேற்று என்பது ஆட்டத்துக்குத் தேவையில்லை. ‘ஒருவேளை’ என்பதும் தேவையில்லை. ராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தக் கரையில் சங்கும் சோழியும் விற்கிறவர்கள் ஹிந்தி, மராத்தி, வங்காளி எல்லாவற்றிலும் விலை சொல்லுகிறார்கள். அதுவும் பள்ளிக்கூடம் போகாமல் வந்ததுதான். விலை படிந்ததும் பாஷையும் முடிந்துவிடும். சங்குக் கடை ஹிந்தியும் துப்பாக்கி ஹிந்தியும் ஒரே ஜாதி. இரண்டிலும் மனுஷன் பாதிதான் இருக்கிறான்.

இப்படி ஒரு முடிவுக்கு நான் வந்துகொண்டிருந்தபோது பையன் சொன்னான்: “அப்பா மாட்டுனப்பதான்யா எனக்கு நல்லா வந்துச்சு.”

2019இல் அவன் தகப்பனார் போன படகு கடலில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டது. அவர் இலங்கைச் சிறையில் இரண்டு மாதம் இருந்தார். இந்தக் கரையில் இது எந்த வீட்டுக்கும் வரக்கூடிய செய்தி. பத்திரிகையில் நாலு வரி வரும். வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பையன் மூன்று நாள் ஆட்டத்துக்குப் போகவில்லை. நாலாம் நாள் போனபோது, வழக்கமாகக் கூட ஆடும் வடக்கத்திப் பையன் ஏன் வரவில்லை என்று கேட்டான். அதற்கு ஏவலில் பதில் இல்லை.

“அப்பான்னு சொல்லத் தெரியும். போட்டுன்னேன். சமுந்தர் தெரியும், ஆட்டத்துல தண்ணி வருமில்ல. போலீஸ்னு சொல்லிட்டேன். பூட்டி வெச்சிருக்காங்கன்னு சொல்லத் தெரியல. ரொம்ப நேரம் திணறினேன். அவன் ‘கைத்’தான்னு கேட்டான். கைதின்னு புரிஞ்சுபோச்சு. நம்ம வார்த்தைதானேய்யா!”

நம் வார்த்தைதான், அரபியிலிருந்து ஹிந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்து தங்கியது. அன்று அவர்கள் இருவரும் ஆடவில்லை. மற்ற இருவர் செத்துக் கலைந்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தார்களாம். எப்போது விடுவார்கள், அம்மா சாப்பிட்டாளா, உன் அப்பாவுக்கு என்ன வேலை என்று பேச்சு வளர்ந்தது. அதற்கப்புறம் தினமும் ஆட்டம் கொஞ்சம், பேச்சு நிறைய. இறந்த காலம், எதிர்காலம், ‘ஒருவேளை’, ‘பயமாக இருக்கிறது’ எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் வந்தன. டீக்கடையில் அந்தப் பெரியவரைத் தேற்றியது இந்த ஹிந்தி.

என் அபிப்பிராயம் இங்கேதான் உருவாயிற்று. ஆட்டம் பாஷையின் வாசலைத் திறக்கிறது. உள்ளே கூட்டிப்போகிறவன் கூட ஆடுகிற மனுஷன். ஆட்டத்தைப் புகழ்கிற பண்டிதர்கள் வாசலைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்ததாக எழுதிவிடுகிறார்கள். பழிக்கிற உபாத்தியாயர்கள் வாசல் அழுக்காக இருக்கிறது என்று திரும்பிவிடுகிறார்கள்.

இந்தக் கரைக்கு இது புதிதும் அல்ல. வியாபாரத்துக்கு வந்த அரபிகளோடு விலைபேசத் தொடங்கிய உறவுதான் கீழக்கரையில். விலையோடு நின்றிருந்தால் அக்கினி தீர்த்தக் கடைபோலவே முடிந்திருக்கும். பெண் கொண்டார்கள், கொடுத்தார்கள், கூட இருந்து தொழுதார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகளைச் செய்துகொண்டார்கள். அரபுத் தமிழ் என்ற அந்த எழுத்தில் பாட்டும் சட்டமும் வைத்தியமும் வந்தன. வீட்டுப் பெண்கள் அதில் படித்தார்கள், எழுதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் அதில் பெரிய நூல்களைச் செய்தார்கள். துறைமுகத்துப் பேச்சு நூலாக முதிர்வதற்குப் பல தலைமுறை பிடித்தது. ஒரு பாஷை நமக்கு வந்துவிட்டது என்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் அத்தாட்சி அதுதான்: அதில் நம் துக்கத்தைச் சொல்ல முடிய வேண்டும்.

ஆனால் கீழக்கரைக்காரர்களுக்கு இருந்த ஒன்று இந்தப் பையனுக்கு இல்லை. அவர்கள் இருந்தது சொந்த வீடு. இவன் இருந்தது பிறத்தியார் கொட்டகை. 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜி அதில் ஒன்று. தடைக்கான காரணங்களின் நியாயத்தை இங்கே ஆராயப் போவதில்லை. சில வாரங்களுக்குள் ஆட்டம் அடியோடு நின்றுவிட்டது. அந்த வடக்கத்தி சிநேகிதனுக்கு ஆட்டத்தில் ஒரு பட்டப்பெயர். அதற்கு மேல் பெயரோ ஊரோ போன் நம்பரோ இவன் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்கத் தோன்றவில்லை, நாளைக்கும் வருவான் என்ற நம்பிக்கை. 2021 ஜூலையில் அதே ஆட்டம் வேறு பெயரில் திரும்பி வந்தது. சிநேகிதன் வரவில்லை. இருபத்திரண்டு வயதில் இன்னும் ஏன் ஆடுகிறான் என்று தாயார் கேட்டதற்குப் பதில் இதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் அப்படிச் சொல்லவில்லை.

கரைக்காரர்களுக்கு இதுவும் பழக்கமான நஷ்டம்தான். 1914 முதல் ரயில் தனுஷ்கோடி வரை போய், அங்கிருந்து கப்பல் தலைமன்னாருக்குப் போயிற்று. கொழும்பில் கடை வைத்தவர்களுக்குச் சிங்களம் வந்தது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி போயிற்று. ராமேசுவரத்திலிருந்து பிறகு சில வருஷங்கள் ஓடிய கப்பலும் நின்றது. தாத்தாவுக்கு வந்த சிங்களம் பேரனுக்கு வரவில்லை. வழி நின்றால் பாஷையும் நிற்கிறது.

இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, தமிழ்ப் பையன்கள் ஹிந்தியைத் தாமாகவே ஏற்றுக்கொள்கிறார்கள் என்று யாராவது மேடையில் பேசினால் நான் பொறுப்பல்ல. 1938லும் 1965லும் தமிழ்நாடு எதிர்த்தது கட்டாயத்தை. 1968 முதல் இருமொழிக் கொள்கை இங்கே நிலைத்திருக்கிறது. இந்தப் பையனின் கதை அந்த எதிர்ப்பின் நியாயத்தைக் குறைக்கவில்லை. சட்டம் போட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தால் இங்கிலீஷில் ஆனதுபோல ஹிந்தியிலும் இரண்டு தடவை தவறியிருப்பான். ‘ஏன் மூன்று நாளாக வரவில்லை?’ என்று கேட்க ஒருவன் இருந்தான்; அதனால் வந்தது. எந்தப் பாடத்திட்டத்திலும் அந்தக் கேள்வி இல்லை. இங்கிலீஷ் வகுப்பில் இருப்பவர்களாவது வாரத்துக்கு ஒரு நாள் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

புறப்படும் அன்று அந்த அம்மாள் வாசலில் நின்றார். “சொன்னீங்களாய்யா?” என்றார். சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் சிறையிலிருந்த கணவரைப் பற்றி மகன் வடக்கே யாரிடமோ இரவெல்லாம் பேசியிருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவன் அவன். தமிழில் சொல்ல வேண்டும். அதை மட்டும் அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.